மூன்றாவது ஒயர்

"மூணு சிலிண்டர் வண்டின்னா ஆடத்தான் செய்யும் இன்பம். வாங்கும்போதே சொல்லித்தானே குடுத்தாக?" என்றார் ஜோசப் ராஜ், ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே.

"ஆடட்டும். இம்புட்டா ஆடும்? பேசாம பஸ்ல போங்க" என்றாள் இன்பமேரி.

அது ஏன் இவ்வளவு ஆடுகிறது என்று அவளுக்குத் தெரியும். கணவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்த நேரத்தில், பானட்டைத் தூக்கி, பிளக் ஒயர் மூன்றில் ஒன்றைக் கழற்றி விட்டிருந்தாள்.

மெக்கானிக் செம்மலை ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்ன பாடம் அது. "இந்த இஞ்சின் லேசுல மக்கர் பண்ணாதுக்கா. நேரத்துக்கு ஆயிலை மாத்துனா லட்சம் கிலோமீட்டர் ஓடும். இந்த ஒயர்ல ஒண்ணு கழண்டாத்தான் வம்பு. ஒரு சிலிண்டர் செத்துரும். மத்த ரெண்டும் அதையும் சேத்து இழுக்கணும், பாவம்."

காரைக்குடி எல்லை தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. நின்றால் பஸ்ஸில் போவார். பஸ்ஸில் பெண்களுக்குத் தனிப் பக்கம்.

ஜோசப் ராஜுக்கு சிங்கம்புணரிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கு மட்டும் காரில் போவார். ஜூன் மாதம் பஸ் ஓடாத ஒரு சனிக்கிழமை, அதே பள்ளியின் அறிவியல் டீச்சர் அகிலாண்டேஸ்வரியை ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் பூசைக்குக் கிளம்பிய இன்பமேரி முன் சீட்டில் உட்கார்ந்தபோது, சீட் அதன் தடத்தில் இரண்டு பல் பின்னால் தள்ளியிருந்தது. உயரமான யாரோ வசதியாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த இரண்டு பல் இடைவெளி கோயில் போய்ச் சேரும்வரை அவள் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. அகிலாண்டேஸ்வரி புருஷன் இல்லாதவள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் விபத்தில் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமைதான் முதன்முதலாக ஒயரைக் கழற்றினாள். வண்டி நிற்கவில்லை. அதைவிடக் கொடுமை, அந்த வாரத்திலிருந்து அகிலாண்டேஸ்வரி வாராவாரம் ஏற ஆரம்பித்தாள்.

சாயங்காலம் பானட்டைத் திறந்து பார்த்தால் ஒயர் ஒழுங்காக மாட்டியிருக்கும்.

"வண்டி அன்னம் மாதிரி போச்சு. அகிலா டீச்சர் ஏறுறதுக்கு முன்னாடி பானட்டைத் திறக்கச் சொல்லி, ஆயில், தண்ணி எல்லாம் பாத்துருவாக. அவுக வீட்டுலயும் இதே வண்டிதான் இருந்துச்சாம்" என்றார் ஜோசப் ராஜ் ஒருநாள்.

"ஆயிலைப் பாக்குறாகளா, ஆளைப் பாக்குறாகளா?"

"உன் வாய் ஆடுற ஆட்டத்துக்கு வண்டி எம்புட்டோ பரவாயில்ல" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் விரல் பட்ட இடத்தில் அந்த டீச்சரின் விரலும் படுகிறது. கழற்றுவது தான், மாட்டுவது அவள். ஆறு வாரமாக இப்படி ஒரு ரகசியம் இருவருக்கும் நடுவே ஓடுகிறது. அந்த டீச்சர் ஜோசப் ராஜிடம் காட்டிக்கொடுத்திருந்தால்கூட வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

இன்று வண்டி ஆடிக்கொண்டு நிற்கும்போதே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தது அகிலாண்டேஸ்வரி.

"சார், இஞ்சினை அமத்துங்க. இன்னிக்கு நான் வரலை. அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அப்ப நான் பரீட்சைப் பேப்பர் கட்டை எடுத்துட்டு வந்துர்றேன்" என்று ஜோசப் ராஜ் வீட்டுக்குள் போனார்.

அகிலாண்டேஸ்வரி தானே பானட்டைத் தூக்கினாள். தொங்கிக்கொண்டிருந்த ஒயரைப் பார்த்தாள். இன்பமேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு சிவகங்கைக்கு மாத்தல் ஆயிருச்சுக்கா. அடுத்த வாரத்துலேர்ந்து இதை மாட்டி விட ஆள் இருக்காது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

நிம்மதிக்குப் பதிலாக இன்பமேரிக்கு ஆத்திரம்தான் பொங்கியது. "நீ ஏறாம இருந்திருந்தா நான் ஏன் கழட்டப் போறேன்?"

"நீங்க கழட்டாம இருந்திருந்தா நான் ஏன்க்கா ஏறப் போறேன்? ஏழு மணி பஸ் என் வீட்டு வாசல்லயே நிக்கும். ரெண்டாவது வாரம் வழியில பாத்துட்டு, சார் ஏறிக்கச் சொன்னாக. ஏறுன ஒடனேயே ஆட்டத்துல தெரிஞ்சு போச்சு. சாருக்கு வித்தியாசம் தெரியலை. நீங்க அடுத்த வாரமும் கழட்டுவீகன்னு எனக்குத் தெரியும். அதான் வாராவாரம் வந்தேன்."

"எப்பிடித் தெரியும் உனக்கு?"

அகிலாண்டேஸ்வரி ஒயரை எடுத்து, ரப்பர் மூடியை பிளக்கின் மேல் வைத்து அழுத்தினாள். 'டக்'கென்று உட்கார்ந்தது. கையை அதிலிருந்து எடுக்கவில்லை.

"ரெண்டு சிலிண்டர்ல வண்டி போகும்க்கா, நிக்காது. ஆனா லாரியை முந்தும்போது இழுக்காது. காளையார்கோவில் ரோட்டுல எங்க வீட்டுக்காரர் முந்தப் போனாரு, எதுத்தாப்புல பஸ் வந்துச்சு. வண்டியில கோளாறுன்னு போலீஸ்ல எழுதி முடிச்சுட்டாக."

அவள் குரல் இறங்கியது.

"அன்னிக்குக் காலையில ஒயரைக் கழட்டுனது நான்தான்க்கா."