மஸ்கட் நேரம்

தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று ஜன்னல் திரையைத் தூக்கித் தூக்கிக் கம்ப்யூட்டர்மேல் போடுகிறது. பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட் இல்லை என்று ஆகிவிட்டது. அதனால் லோகநாயகியின் வீட்டுக்காரருக்குச் சிநேகிதனான ராபர்ட், சிப்காட்டில் ஷிப்ட் முடிந்த கையோடு வந்து லினக்ஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறான். இது அவர் ஆசையாக வாங்கிவைத்த கம்ப்யூட்டர். அவர் மஸ்கட் போய் மூன்று வருஷமாகிறது. கம்ப்யூட்டரில் இருந்த அவருடைய போட்டோக்களெல்லாம் இப்போது ஒரு பென்டிரைவில் ஏறி, லோகநாயகியின் உள்ளங்கைக்குள் வியர்வையோடு கிடக்கின்றன. திரையில் உலக வரைபடம் விரிகிறது. நீங்கள் இருக்கும் இடம் எது என்று கேட்கிறது. இந்தியாவின்மேல் தானாகவே ஒரு புள்ளி வந்து நிற்க, ராபர்ட் அடுத்த பட்டனுக்கு அம்பை நகர்த்துகிறான்.

"அங்க வாணாம் தம்பி. மஸ்கட்ல வைங்க."

"கடிகாரம் ஒன்றர மணி நேரம் பின்னாடி காட்டுமே அண்ணி."

"காட்டட்டும்."

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் புள்ளியைக் கடலுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் வைக்கிறான். நீலக் கோடு மெல்ல ஊர்ந்து முடிகிறது. கம்ப்யூட்டர் அணைந்து, மறுபடி எழுகிறது. சுவர் கடிகாரத்தில் ஆறேகால். எதிர்வீட்டில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். அறைக்குள் முகம் தெரியாத அளவுக்கு இருட்டிவிட, ராபர்ட் எழுந்து சுவிட்சைத் தடவுகிறான். லோகநாயகியின் கண் திரையின் மூலையைவிட்டு நகரவில்லை.

"இருங்க தம்பி. மணி நாலே முக்கால்தான் ஆவுது. இன்னும் வெயிலு இருக்கும்."