பிணத்தின் மனம்

மனக்கேமரா வந்த பிறகு கிளிசரின் கண்ணீர் எடுபடவில்லை. நெற்றிப்பட்டை கட்டியவரின் நினைப்பு அப்படியே மானிட்டரில் ஓடியது.

அப்பாவின் பிணத்தின் மேல் விழுந்து கதாநாயகன் கதறினான். மானிட்டரில் தெரிந்ததோ, கேரவனில் ஆறிக்கொண்டிருந்த பிரியாணி.

"கட்!" இயக்குநர் யாழினி தலையில் கைவைத்தாள். ஏழாவது டேக்.

பிணமாகக் கிடந்த துணை நடிகர் மாசிலாமணிக்கும் யாரோ தவறுதலாகப் பட்டை கட்டியிருந்தார்கள். பக்கத்து மானிட்டரில் அவர் மனம், எழுந்து மகனைத் தேற்றத் துடித்தது, கைதான் அசையவில்லை. லைட்மேன்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அண்ணே, இனி சீன் முழுக்க உங்க மனசுலதான் ஓடும்" என்றாள் யாழினி.

"பொணத்துக்கு ஏதும்மா சீனு?"

"படமே உங்களுதுண்ணே!"

பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது படப்பிடிப்பு வழக்கம். நாற்பது படங்களில் மாசிலாமணி உதட்டால் மட்டும் சிரித்திருந்தார். இன்று உதடு விரியுமுன்னே மானிட்டர் சிரித்தது.