சத்தமே வராத ஃபேன்

“கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பெரிய ஃபேனாக் குடுங்க. சத்தமே வரக்கூடாது,” என்றாள் ஒக்ரான், சியோல் கடைக்காரரிடம்.

“இது ராத்திரி பூரா ஓடினாலும் கேக்காதும்மா.”

“கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியே இருக்கும்.”

“இருக்கட்டும். கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகாது.”

பக்கத்தில் நின்ற கணவன் தொக்சு ஃபேனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். மூடிய அறையில் ஃபேன் ஓடத் தூங்கினால் காலையில் பிணம்தான் என்ற கொரிய நம்பிக்கையைச் சொல்லியே அவனை வளர்த்திருந்தார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் தினமும் படுப்பவன் அவன்தான். நேற்றுப் போட்ட சண்டைக்கு இதுவா தண்டனை?

“எதுக்கு ஒக்ரான் இவ்ளோ பெருசு?” என்று கேட்டான்.

“ஹால்ல ஒரே கொசு. இன்னையிலேர்ந்து அந்த ரூம்ல நான் படுத்துக்கறேன். நீங்க ஹாலுக்கு வந்துடுங்க.”

தொக்சுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடைக்காரர் பக்கம் குனிந்தான்.

“இதைவிடப் பெருசு இருக்கா?”