கோஸ் போட்ட பிறகு

பதினான்காவது வளைவில் என் பென்சில் நின்றுவிட்டது.

சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம் விரிந்து கிடந்தது. எதிரே என் மைத்துனன் கோர்னெல், எப்போது கிளம்பலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான்.

பயணத் திட்டம் போடுவதில் என்னை மிஞ்ச இந்தத் திமிஷோவாரா நகரத்தில் ஆள் கிடையாது. எந்தத் திருப்பத்தில் காரை நிறுத்தினால் காடு முழுக்கச் சிவந்து தெரியும், எந்த அருவிக்கு இருபது நிமிடம் நடந்தால் போதும், எந்த ஒற்றையடிப் பாதையை என் மனைவி சபீனாவின் முழங்கால் தாங்கும், எல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கிறது. பதினோரு வருடமாக இருக்கிறது.

போனதுதான் இல்லை.

காரணம் ஊருக்கே தெரியும். முதல் பனி விழுந்ததும் ஃபகராஷ் மலைப்பாதையை மூடிவிடுவார்கள். இலை பழுத்துக் காடு சிவப்பது அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரம்தான். அதே சமயத்தில்தான் சபீனா குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸை உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவாள். அறுபது கிலோ. பால்கனியில் நிற்கும் நீலப் பீப்பாய் நிறையாமல் வீட்டை விட்டு நகரமாட்டாள். அது நிறைவதற்குள் மேலே பனி விழுந்துவிடும்.

என் மலையை ஒரு பீப்பாய் கோஸ் தின்றுவிட்டது என்று மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் புலம்புவேன். அவர்களும் எனக்காக உச்சுக்கொட்டுவார்கள்.

யாருக்கும் தெரியாத காரணம் ஒன்று உண்டு. எனக்கு மலைச்சாலை என்றால் பயம்.

முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவன் நான். டிராமுக்கு ஸ்டியரிங் கிடையாது. வளைவு வந்தால் தண்டவாளமே பார்த்துக்கொள்ளும். காரைச் சந்தைக்கும் கல்லறைக்கும் எடுப்பதோடு சரி, இரண்டுமே சமதளம். ஆனால் ஊர் கண்ணுக்கு நான் பெரிய டிரைவர். அந்தப் பெயரோடு கண்ணை மூடிவிடவேண்டும், வேறு ஆசை எனக்கு இல்லை.

இந்த வருடம் கோர்னெல் உருவத்தில் வினை வந்து சேர்ந்தது. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் காரில் அடைத்துக்கொண்டு வந்திருந்தான். வானம் வெளுத்திருக்கிறது, பாதை இன்னும் பத்து நாள் திறந்திருக்கும் என்றான்.

"நாளைக்குக் காலையில கிளம்புறோம் அத்தான். நீங்க முன்னால போங்க, உங்க வண்டியப் பார்த்துக்கிட்டே நான் பின்னால வர்றேன். டிரைவர்னா நீங்கதானே."

நான் சபீனாவைப் பார்த்தேன். அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். காலில் நடைபயணத்துக்கு வாங்கிய புதுக் காலணி. கடிக்காமல் இருக்க வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழக்குகிறாளாம். கோஸைப் பற்றி ஒரு வார்த்தை காணோம்.

பதினோரு வருடமாகத் திட்டித் தீர்த்த கோஸை அப்போது மனதுக்குள் கும்பிட்டேன்.

அவள் மேசைக்கு வந்து வரைபடத்தைக் குனிந்து பார்த்தாள். பதினான்காவது வளைவிலேயே நின்றுபோன பென்சிலை நான் மற்றொரு கையால் மறைத்துக்கொண்டேன்.

"நாளைக்கா? கோஸே இன்னும் போடலை. அத முடிச்சிட்டுத்தான் மத்ததெல்லாம். மலை எங்கயும் ஓடிடாது."

கோர்னெல் அக்காவோடு மல்லுக்கு நின்றான். ஊறிய கோஸ் கடையிலேயே கிடைக்கிறது, ஒரு மூட்டை வாங்கித் தருகிறேன் என்றான். கடைக் கோஸில் இறைச்சி சுருட்டி வைத்தால் செத்துப்போன மாமியார்கூட எழுந்து வந்து திட்டுவாள் என்று அவள் பேச்சை முடித்துவிட்டாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். பதினோரு வருடப் பழக்கம், நன்றாகவே தொங்கியது. துக்கத்துக்கு ஒரு வாய் பிளம் சாராயமாவது குடிப்போம் என்று எழுந்தேன். பாட்டில் பால்கனியில் இருந்தது. தானே எடுத்துவருவதாகச் சபீனா அவசரமாகச் சொன்னாள். அதற்குள் நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

பாட்டில் பீப்பாய்க்குப் பின்னால் நின்றது. பீப்பாயைக் கொஞ்சம் நகர்த்தப் பார்த்தேன். அசையவில்லை.

மூடியைத் திறந்தேன்.

கழுத்து வரை கோஸ். மேலே பாரத்துக்குக் கல், அதைச் சுற்றி நுரை. போட்டு ஒரு வாரமாவது இருக்கும். நம்பாமல் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். உப்பு அடியில் தங்காமல் இருக்க ரப்பர் குழாயை விட்டு ஊதவேண்டும். அது வருடா வருடம் என் வேலை. இந்த வருடம் அவள் என்னைக் கூப்பிடவில்லை. குழாய் பக்கத்தில் ஈரமாகக் கிடந்தது.

இந்த முறையாவது போய்விடவேண்டும் என்று, எனக்குக்கூடத் தெரியாமல் முன்கூட்டியே எல்லாம் முடித்து வைத்திருக்கிறாள்.

உள்ளே அவள் தம்பியைச் சமாதானப்படுத்துவது கேட்டது.

"அவர ஒண்ணும் சொல்லாதடா. அவருக்கு ஆசைதான். நான்தான் வருஷா வருஷம் கெடுக்கிறேன்."

என் பயம் எத்தனை வருடமாக அவளுக்குத் தெரியும் என்று யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பாட்டிலோடு உள்ளே போனேன். பீப்பாயில் பாதியாவது போட்டாயிற்றா, மீதிக்குத் தான் ஒத்தாசை செய்யட்டுமா என்று கேட்டான் கோர்னெல். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"காலியா கிடக்குடா" என்றேன்.

சபீனா என் கையைப் பார்த்தாள். விரல்களிலிருந்து உப்புத் தண்ணீர் வரைபடத்தின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு கைத்துண்டை என் பக்கம் நகர்த்திவைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, காலணியின் முடிச்சை அவிழ்த்தாள்.