மாடிக்கு ஏறிய வைஃபை

மாடிப்படித் திருப்பத்தில் ஸ்டூல் போட்டு, இரண்டாவது ரௌட்டரைச் சுவரில் மாட்டிக்கொண்டிருக்கிறான் கணவன். கூடத்து ரௌட்டரிலிருந்து படியோரமாக ஏறிவந்த வெள்ளை ஒயரை அதில் செருகியதும் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழிக்கின்றன. மாடியறையின் சன்னல் வெயிலில், தையல் மிஷின்மேல் போனைச் சாய்த்துவைத்து உட்கார்ந்திருக்கிறாள் மனைவி. அவளுக்குக் காது கேட்காது. திரையில் தெரியும் பள்ளித் தோழிக்கும் அப்படித்தான். இருவருக்கும் கைதான் வாய். இத்தனை நாளும் மாடியில் படம் பாதிப் பேச்சில் உறைந்துவிடும். கூடத்தில் உறையாது, ஆனால் அங்கே அவள் கைகளை வீடே படித்துவிடும். இப்போது தோழியின் விரல்கள் தடையில்லாமல் பறக்கின்றன. பதிலுக்கு இவள், முகத்தில் இல்லாத மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இடுப்பில் கைவைத்து, யாரையோ நடித்துக் காட்டுகிறாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாள்.

படியேறி வந்த மாமியார், மூக்கு நுனிக் கண்ணாடி வழியாக அறைக்குள் எட்டிப் பார்க்கிறாள்.

“யாருடா அது?”

“உன்னை மாதிரிதாம்மா இருக்கு” என்கிறான் மகன், ஸ்டூலில் நெளிந்தபடி.

“அப்படியே உரிச்சு வச்சிருக்காளே!” மாமியாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. திரும்பிப் பார்த்த மருமகள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். ‘நீ பேசு’ என்று அவளுக்குக் கையால் சொல்லிவிட்டு, கதவில் கைவைத்தபடி மகனைப் பார்க்கிறாள் மாமியார்.

“ஏன்டா, கதவைச் சாத்தினா சிக்னல் போயிடாதே?”

“போகாதும்மா.”

மெதுவாக, முழுதாகச் சாத்துகிறாள்.