மூன்று நாள் பரீட்சை

மூலையில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரம்மா நோட்டில் புதுப் பக்கம் புரட்டிய சத்தம் கேட்டதும், தையலக்காவின் கண் தானாக அந்தப் பக்கம் ஓடியது. மூன்று நாளில் அது எத்தனையாவது பக்கமோ!

இருந்தாலும் முகத்திலிருந்த சிரிப்பை மட்டும் கழற்றவில்லை. "சிவப்புக் கட்டையை யாரு மேல வைக்கப் போறீங்க?" என்று பதினெட்டு வாண்டுகளையும் பார்த்து ராகம் போட்டுக் கேட்டாள்.

நாற்பத்தாறு வயதில் தையல் மிஷினை உறை போட்டு மூடிவிட்டு, மழலையர் கல்வியில் இரண்டு வருஷப் பட்டயப்படிப்புக்குப் போனவள் அவள். "ரெண்டு பாட்டுப் பாடி மூக்கைத் துடைச்சு விடறதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா?" என்று அவள் வீட்டுக்காரர் கேட்டது தெரு முழுக்கக் கேட்டது. தெருவும் கூடச் சேர்ந்துதான் சிரித்தது. அதை இப்போது கிளறுவானேன்!

இந்த வாரம் கடைசிப் பரீட்சை. பாலர் பள்ளியில் நிஜக் குழந்தைகளுக்கு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பரீட்சை அதிகாரி ஏதோ ஒரு நாள் சொல்லாமல் வருவார், பேசாமல் பார்ப்பார், போய்விடுவார். அவரிடம் வாயைத் திறந்தால் மார்க் போச்சு. தேறினால் இதே பள்ளியில் வேலை தயார். தேறாவிட்டால் மறுபடி மிஷின், மறுபடி வீட்டுக்காரரின் வாய்.

திங்கட்கிழமை பெரிய டீச்சர் கண்ணாடிக்காரம்மாவை அழைத்து வந்து, "இவங்க மூலைல உக்காந்து எழுதுவாங்க. நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றபோதே, இவர்தான் அந்த அதிகாரி என்று தையலக்காவுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கென்று பார்த்து, பிள்ளையைச் சேர்க்க வந்தவள் போல ஒருத்தி, குடையும் கையுமாகக் கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள். ஆபீஸ் அந்தப் பக்கம் என்று இரண்டு தடவை கைகாட்டியும் நகரவில்லை. சில பேருக்கு இங்கிதமே கிடையாது.

அன்றிலிருந்து தையலக்கா குரலை உயர்த்தவே இல்லை. துணி மிச்சத்தில் தினம் ஒரு பொம்மை தைத்துக் கொண்டுவந்தாள்: யானை, முதலை, இன்றைக்குக் கிளி. வீட்டில் ஒரே நாளில் போடுகிற சத்தத்தை மூன்று நாள் அடக்கி வைத்ததில் கழுத்தே வீங்கியிருக்கும் என்பது பக்கத்து வீட்டுக் கணிப்பு.

அப்போதுதான் 'டமால்' என்று கட்டைக் கோபுரம் சரிந்தது. கட்டியவன் சுண்டெலி. கோபம் வந்தால் கடிப்பான், அதனால் அந்தப் பெயர். கிளியைப் பிடுங்கிக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டான்.

கண்ணாடிக்காரம்மா உடனே நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டாள். மூன்று நாளாக இதே வேலை. சுண்டெலி மணலுக்குப் போனால் அவளும் மணலுக்கு. கழிப்பறைக்குப் போனால் அவள் வாசலில். 'முரட்டுப் பிள்ளையை நான் எப்படிச் சமாளிக்கறேன்னு பாக்கறாங்க' என்று தையலக்கா கணக்குப் போட்டிருந்தாள்.

குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்கிப் பேச வேண்டும் என்பது படிப்பு. இறங்கினாள். இரண்டு முழங்காலும் சுள்ளி முறிவது போலச் சத்தம் போட்டன. தலையும் தோளும் மேஜைக்கு அடியில் போயின; மிச்சம் போக மறுத்தது.

"கோவமா இருக்கியா கண்ணா?"

"கடிச்சிருவேன்!"

"கோபுரம் விழுந்தா யாருக்குத்தான் கோவம் வராது? என்ன வேணும்னு கிளி காதுல சொல்லு. அது என்கிட்ட சொல்லும்."

சுண்டெலி யோசித்தான். கிளியின் காதில் ஏதோ ஊதினான். "திரும்பக் கட்டணுமாம். நீங்களும் வரணுமாம்."

"வரேன்டா ராஜா. ஆனா டீச்சர் மாட்டிக்கிட்டேனே!"

"தலையைக் குனிங்க டீச்சர். நான் தள்ளறேன்."

அவன் உள்ளேயிருந்து தள்ள, ஐந்தாறு வாண்டுகள் வெளியேயிருந்து காலைப் பிடித்து இழுக்க, தையலக்கா ஒருவழியாக மீண்டாள். கண்ணாடிக்காரம்மா கை கொடுக்கவில்லை. குனிந்து குனிந்து பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் தையலக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "மேடம், மார்க் போனாலும் போகட்டும். நான் தேறுவேனா மாட்டேனா, ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

கண்ணாடிக்காரம்மா மிரண்டுபோனாள். "ஐயோ, நான் மேடம் எல்லாம் இல்ல டீச்சர்! நான் முதல் வருஷ ஸ்டூடண்ட். ஒரு குழந்தை பின்னாடியே மூணு நாள் போய், அது செய்யறதை எல்லாம் எழுதிட்டு வரச் சொன்னாங்க. யார்கிட்டயும் பேசவும் கூடாதாம்."

அவள் நீட்டிய நோட்டு முழுக்கச் சுண்டெலிதான். தையலக்காவைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: 'டீச்சர் மாட்டிக்கொண்டார்.'

தையலக்கா ஒரு குட்டி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "அப்போ பரீட்சை அதிகாரி எங்கே?" என்று மூன்று நாள் அடக்கி வைத்த குரலை மொத்தமாக அவிழ்த்துவிட்டாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

சத்தம் கேட்டுப் பெரிய டீச்சர் எட்டிப் பார்த்தார். "அவங்க திங்கக்கிழமையே குடையோட வந்து, கதவுக்கு வெளியில நின்னு பாத்துட்டு, பாஸ் போட்டுட்டுப் போயிட்டாங்களே! நீங்க ரெண்டு தடவை ஆபீசுக்கு வழி காட்டினதைக்கூட மன்னிச்சுட்டாங்க."

"திங்கக்கிழமையேவா! அதை ஏன் டீச்சர் என்கிட்ட சொல்லல?"

பெரிய டீச்சர் கீழே கிடந்த கிளியை எடுத்துத் தூசி தட்டினார்.

"சொல்லியிருந்தா, இன்னைக்கு மேஜைக்கு அடியில போயிருப்பீங்களா?"