திருட்டுப் போன கழுத்து

தன் கழுத்து இன்னொருவர் கடையில் தொங்குவதை ரீத்தா செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குப் பார்த்தாள்.

காட்டியவள் வினிஃப்ரெட். பின் வரிசை வீட்டுக்காரி, மாதா கோயில் பாடகர் குழுவில் ரீத்தாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுபவள். வந்ததும் வராததுமாகக் கைப்பேசியை நீட்டினாள். "அக்கா, இது யாரு கழுத்து?"

பெயர் கேள்விப்படாத ஓர் இணையக் கடை. தீபன் என்பவர் நடத்துவதாகப் போட்டிருந்தது. மயில்நீலப் பட்டு நூல் மாலை அணிந்த ஒரு கழுத்து. காறை எலும்புக்கு மேலே மிளகளவு மச்சம்.

"அலமாக்! மச்சத்தக்கூட விடலியே!" என்று ரீத்தா தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் படம் சும்மா வந்துவிடவில்லை. பட்டு நூல் பொல்லாதது. டியூப் லைட்டில் எடுத்தால் மயில்நீலம் ஊதாவாகிவிடும்; ஃபிளாஷ் போட்டால் வெளுத்துப்போகும். கூடத்து ஜன்னலில் காலை ஒன்பதிலிருந்து பத்து வரை விழும் வெளிச்சம்தான் ஒத்துவரும். ஒரு பக்கம் வெள்ளை மணிலா அட்டை. மறுபக்கம் கேக் சுடும் அலுமினியத் தாள் ஒட்டிய பழைய காலண்டர். பாட்டிலில் மாட்டி எடுத்த மாலைகள் ஒன்றுகூட விலைபோகாததால், நடுவில் தன் கழுத்தையே கொண்டுவந்து வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்பது படம் எடுத்தால் நாலு தேறும்.

அந்த நாலில்தான் அவள் பிழைப்பு. நூல் மாலை செய்து இணையத்தில் விற்கலாமென்று மார்ச்சில் தொழிற்சாலை வேலையை விட்டபோது கணவன் அமலநாதன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தான். கிறிஸ்மஸ் வரை பார்ப்பது. ஓடாவிட்டால் மறுபடியும் விடியற்காலை ஃபேக்டரி பஸ். முதல் இரண்டு மாதம் வினிஃப்ரெட்டைத் தவிர ஒருவரும் வாங்கவில்லை. பிறகு கழுத்துப் படங்களைப் போட்டாள். ஜூனிலிருந்து ஆர்டர் கொட்டியது. ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய் என்று வாரத்துக்கு இருபது பொட்டலம். யாரும் பேரம் பேசவில்லை. சாயம் போகுமா என்று கேட்கவில்லை. பெயர், முகவரி, பணம், அவ்வளவுதான்.

"நம்ம ஆளுங்க பேரம் பேசாம வாங்குறாங்களா?" என்று அமலநாதன்கூட வாயைப் பிளந்தான்.

"எல்லாம் படம் பேசுது லா," என்றாள் ரீத்தா. கொஞ்சம் தலைக்கனம் வந்திருந்தது உண்மைதான்.

இப்போது அத்தனை படத்தையும் எவனோ அள்ளிக்கொண்டு போயிருந்தான். காது, மணிக்கட்டு எதையும் மிச்சம் வைக்கவில்லை.

"நீங்க நாப்பத்தஞ்சு வெள்ளிக்கு விக்கிற மாலய தொண்ணூறுன்னு போட்டிருக்கான், அக்கா."

"வெலய விடு வினி. காசு வாங்கிட்டு மட்டமான குப்பயத்தான் அனுப்புவான். வாங்குனவங்க யாரத் திட்டுவாங்க? படத்துல இருக்கறவளத்தான! பேரு நாறிடுச்சுன்னா அப்புறம் எவ வாங்குவா? நான் பஸ்ஸுதான் ஏறணும்."

போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டார்கள். சார்ஜன் ஜெயபாலன் பொறுமையாகக் கேட்டார்.

"படத்த எடுத்தான்னு மட்டும் சொன்னா இழுத்துக்கிட்டே போகும்மா. அவன்கிட்ட ஒண்ணு ஆர்டர் பண்ணுங்க. படத்துல ஒண்ணு, கையில ஒண்ணுன்னு வந்தா அது ஏமாத்து வேல. பொட்டலத்தோட வாங்க, ஆளத் தூக்கிடலாம்."

ரீத்தா பெயரில் ஆர்டர் போட்டால் திருடன் உஷாராகிவிடுவான். வினிஃப்ரெட் தன் பெயரிலேயே மயில்நீல மாலை ஒன்று கேட்டுப் பணத்தையும் கட்டினாள். கையோடு பதில் வந்தது: 'நன்றி சிஸ்டர்! முழுக்க முழுக்கக் கையால் செய்தது. மூன்று நாளில் வீடு தேடி வரும்.'

"கையாலயாம்! திருட்டுப் பய. அவன் கையில வெலங்கு மாட்டுறத நான் நேர்ல போய்ப் பாக்கணும்," என்று ரீத்தா பல்லைக் கடித்தாள்.

ஒரு தாளை எடுத்து, திருட்டுப் போன படங்களை ஒவ்வொன்றாகக் குறிக்க ஆரம்பித்தாள். ஏழாவது படத்தில் இருந்தபோது அவள் கைப்பேசி ஒலித்தது. புது ஆர்டர். அதே மயில்நீல மாலை. பணமும் கட்டியாகிவிட்டது.

ரீத்தாவுக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியா? அவன் என்ன ஆட்டம் போட்டாலும் வெவரம் தெரிஞ்சவங்க அசலத் தேடித்தான் வருவாங்க."

பொட்டலத்தின் மேல் முகவரி எழுத உட்கார்ந்தாள். பெயரைப் படித்தவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எந்த ஊரு அக்கா, ஸ்கூடாயா?"

ரீத்தா கைப்பேசியை அவள் பக்கம் திருப்பினாள். அதில் வினிஃப்ரெட்டின் பெயர், வினிஃப்ரெட்டின் வீட்டு எண், அவர்கள் ஊரான கோத்தா திங்கி.

ரீத்தா அவசரமாகத் தீபனின் கடைக்குள் போய், வாங்கியவர்கள் எழுதியிருந்ததைப் படித்தாள். ஸ்கூடாய் ரூபினி நூல் வேலையைப் புகழ்ந்திருந்தார். மாசாய் பிரேமலா தங்கைக்கும் ஒன்று கேட்டிருந்தார். போன மாதம் ரீத்தா தன் கையால் முகவரி எழுதி அனுப்பிய பெயர்கள். கீழே போகப் போக அவள் அனுப்பிய அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

படங்களைக் குறித்த தாளை நாலாய்க் கிழித்துப் போட்டுவிட்டு, மயில்நீல மாலையை எடுத்து வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாகத் தாள் சுற்றினாள்.

"அப்ப சார்ஜன்கிட்ட என்ன சொல்றது? அந்தத் திருட்டுப் பயல..." என்று இழுத்தாள் வினிஃப்ரெட்.

"மரியாதயா பேசு வினி," என்றாள் ரீத்தா. "எனக்குன்னு இருக்கற ஒரே கஸ்டமர் அவருதான்."